பித்தநீர்: ஈரல் திரும்பத் திரும்ப ஊற்றும் நீர்

பித்தநீரைப் பித்தப்பைதான் சுரக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது வெறும் சேமிப்புப் பை. வந்து சேரும் பித்தநீரிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, அதைக் கெட்டியாக்கி வைத்திருக்கும். கல் அடைத்ததால் அந்தப் பையை எடுத்துவிட்டவர்களுக்கும் பித்தநீர் நேரே குடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சுரப்பது கல்லீரல், நாளுக்கு முக்கால் லிட்டர் அளவுக்கு. பக்கத்துப் பக்கத்து ஈரல் செல்களுக்கு இடையே ஒரு மைக்ரான் அகலமே உள்ள நுண்வாய்க்கால்கள் ஓடுகின்றன. செல்சுவரில் பதிந்துள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவழித்துப் பித்த உப்புகளை அந்த வாய்க்காலுக்குள் தள்ளுகின்றன. உப்பு சேரும் இடத்துக்குத் தண்ணீர் தானாகக் கசிந்து வருகிறது. பிழிந்து தள்ளத் தசை ஏதும் அங்கே இல்லை. உப்பு கூடினால் ஓட்டமும் கூடும்.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கொலஸ்ட்ராலிலிருந்து ஈரல் புதிதாகச் செய்வது நாளுக்குச் சுமார் அரை கிராம். உடம்பிலுள்ள மொத்தக் கையிருப்பே 2 முதல் 4 கிராம்தான். ஆனால் ஒரே நாளில் குடலுக்குள் இறங்குவது 12 கிராமுக்கும் மேல்! ஒரே உப்பு பல முறை சுற்றி வந்தால்தான் இந்தக் கணக்கு சரிப்படும். சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் கரைத்து முடித்த உப்பில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியே ஈரலுக்கே திரும்புகிறது. ஆகவே, பித்தநீர் சுரப்பதில் ஈரலின் பெரும்பாலான வேலை, வந்ததைப் பிடித்து மறுபடி அனுப்புவதுதான்.

பழைய சிவப்பணுக்கள் சிதைந்து உண்டாகும் பிலிரூபினும் இதே வழியாகத்தானே வெளியேறுகிறது, அப்படியானால் பித்தநீர் கழிவுதானே என்று கேட்கலாம். கழிவு அதில் போகிறது, உண்மைதான். ஆனால் அதைச் சுமந்து செல்லும் ஓட்டத்தில் கணிசமான பகுதியை உண்டாக்குவது உடம்பு கைவிடாத அந்த உப்பு. இன்னொரு கேள்வியும் எழும்: இவ்வளவு திரும்பி வரும்போது, அந்த அரை கிராம் ஒரு பொருட்டா? சுழற்சியை அறுத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. கொலஸ்டிரமின் என்ற மருந்து குடலிலேயே பித்த உப்பைப் பிடித்துவைத்து மலத்தோடு வெளியேற்றிவிடும். இழப்பை ஈடுகட்ட ஈரல் புது உப்பு செய்தாக வேண்டும். அதற்கான கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. வட அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் மிகுந்த 3,806 ஆண்களிடம் ஏழாண்டுக்கு மேல் நடந்த சோதனையின் முடிவு 1984-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் சேர்த்துப் பார்த்தால் 19 சதவீதம் குறைந்திருந்தன.