ஒத்திகை இல்லாத மேடை

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா வாசல்களில் காலை முதல் இரவு வரை கூட்டம்தான். அந்த வாசல்களைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவர்களில் பலர் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. ஏன் என்று கேட்டால், "ராகம், தாளமெல்லாம் நமக்கு என்ன தெரியும்?" என்பார்கள்.

அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர் தொடையில் தாளம் போடுகிறார். பக்கத்தில் இருப்பவர் பாடகர் வாய் திறந்ததுமே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறார். பாட்டு தெலுங்கிலோ சம்ஸ்கிருதத்திலோ போகிறது. வேறு யார் வீட்டு விசேஷத்திலோ நுழைந்துவிட்ட கூச்சம் புதியவருக்கு வருவது இயல்பு. ஆனால் கர்நாடகக் கச்சேரியில் கணிசமான பகுதி, அந்த நேரத்தில் அந்த மேடையிலேயே பிறப்பது. இதை மனோதர்மம் என்கிறார்கள். பல கச்சேரிகளுக்கு ஒத்திகையே கிடையாது. அடுத்து பாடகர் எந்தப் பிடியைப் பிடிப்பார் என்பது பக்கத்தில் இருக்கும் வயலின்காரருக்கும் தெரியாது, ஐம்பது வருடமாகக் கேட்டுவரும் ரசிகருக்கும் தெரியாது. அந்த இடங்களில் புதியவரும் பழையவரும் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. பாட்டு தொடங்குமுன் மேடையில் நடப்பதும் பார்க்க வேண்டியதுதான். மிருதங்க வித்வான் கொஞ்சம் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வாத்தியத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் அப்புவார். அந்த ஈர ரவைதான் மிருதங்கத்தின் கனத்த நாதத்துக்குக் காரணம். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஒலி மாறிவிடும் என்பதால், தட்டிக் கேட்டு, கிள்ளி எடுத்து, மறுபடி அப்பிச் சரிசெய்வார். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார். வலப்பக்கத்தில் நிரந்தரமாக ஒட்டியிருக்கும் கறுப்பு வட்டம் கரணை. அந்தப் பக்கத்தின் விளிம்பைச் சிறு கல்லால் தட்டித் தட்டித் தம்புராவின் சுருதியோடு சேர்ப்பார்.

இன்று நாம் கேட்கும் கச்சேரியின் அமைப்பு அவ்வளவு பழையதல்ல. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்துப் பிரபலப்படுத்திய முறை இது. முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பான சில கீர்த்தனைகள், நடுவில் விரிவாகப் பாடும் முக்கிய உருப்படி, அதில் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனப்படும் சிறு பாடல்கள், மங்களம். நீண்டு நீண்டு போன பழைய கச்சேரியை எல்லோரும் உட்கார்ந்து கேட்கும்படி மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அரியக்குடியின் குருநாதர் பூச்சி சீனிவாச ஐயங்கார் இயற்றிய மோகன ராக வர்ணத்தைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் குறைவு. 1988-ல் வெளியான 'அக்னி நட்சத்திரம்' படத்தில் இளையராஜா அதன் தொடக்கத்தை எடுத்துத்தான் 'நின்னுக்கோரி' பாட்டை மோகனத்தில் அமைத்தார். கோயிலில் சுவாமி புறப்படும்போது நாகசுரத்தில் ஒலிக்கும் மல்லாரி, கம்பீர நாட்டை. எனவே ராகம் தெரியாது என்பவருக்குப் பெயர்தான் தெரியாது. காது ஏற்கெனவே பழகியிருக்கிறது.

முதல் கச்சேரியில் மனோதர்மத்தைக் கண்டுபிடிக்க எளிய இடம் ஆலாபனை. அதில் பாட்டின் வரிகள் இல்லை, தாளம் இல்லை, மிருதங்கமும் ஓய்ந்திருக்கும். பாடகர் ராகத்தின் உருவத்தை மெல்ல மெல்லக் காட்டிக்கொண்டு மேலே போவார். ஒவ்வொரு பிடியின் முடிவையும் வயலின் தொட்டுத் தொடரும். பாடகர் நிறுத்தியதும் அதே ராகத்தை வயலின்காரர் தன் வழியில் வாசிப்பார். ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த வாத்தியத்தை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இப்போது வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியைப் பார்ப்பது அரிது.

பிறகு கீர்த்தனையில் ஒரு வரியை எடுத்து, அதே சொற்களை வேறு வேறு சங்கதிகளில் சுற்றிச் சுற்றிப் பாடினால் அது நிரவல். சரிகமபதநி என்று எழுத்துகளாலேயே அடுக்கினால் கல்பனாஸ்வரம். பாடகர் ஒரு ஸ்வரக் கோவையை வீசியதும் வயலின்காரர் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் வேகத்தில், பாடகரே "சபாஷ்" என்று தலையாட்டுவதைப் பார்க்கலாம். அப்போது கைதட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தாளத்துக்கு ஆதி தாளம் ஒன்று போதும். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. பாடகரின் கையைப் பார்த்துக்கொண்டே போட்டால் இரண்டு மூன்று சுற்றில் பிடிபட்டுவிடும்.

அது தனி ஆவர்த்தனத்தில் கைகொடுக்கும். முக்கிய உருப்படியின் பாதியில் பாட்டும் வயலினும் நின்று, மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாறி மாறி வாசிக்கும் கட்டம் அது. ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்ல, சுற்றுகள் வரவரச் சிறிதாகி, கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை வைத்து முடிக்க, பாடகர் துல்லியமாக எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில், பாட்டைத் தொடர வேண்டும். இந்த நேரத்தில்தான் அரங்கில் பலர் எழுந்து கேன்டீனுக்குப் போகிறார்கள். பல வருடப் பயிற்சியை அப்போதுதான் முழுசாகக் காட்டப்போகும் கலைஞர் முன்னால் நாற்காலிகள் காலியாவது வருத்தமான வழக்கம். புதியவராவது அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். போக வேண்டியிருந்தால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் போகலாம். காபியும் கீரை வடையும் தனி முடிந்த பிறகும் இருக்கும்.

மொழி தடையாகத் தோன்றுபவர்கள் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்தில் தொடங்கலாம். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற இயக்கத்தில் 1943-ல் பிறந்த தமிழ் இசைச் சங்கம் அங்கே விழா நடத்துகிறது. மற்ற சபாக்களிலும் பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதி, அருணாசலக் கவிராயர் பாடல்கள் ஒலிக்கத்தான் செய்கின்றன.

1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதோடு நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928-ல் உருவானது மியூசிக் அகாடமி. அங்கே டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை விழா. மாலையில் பெரிய வித்வான்களின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. வளர்ந்துவரும் இளைஞர்கள் பாடுவார்கள், முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். முதல்முறை போகிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. மேடைக்கு அவ்வளவு அருகில் இருந்தால் விரலசைவும் கண்ஜாடையும் தெளிவாகத் தெரியும்.

சென்னைக்கு வர முடியாதவர்களுக்குத் திருவையாறு இருக்கிறது. புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில், தியாகராஜர் சமாதிக்கு எதிரே வித்வான்களெல்லாம் தரையில் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். காவிரிக் கரையில் நடக்கும் அந்த ஆராதனைக்கு டிக்கெட் இல்லை. காலையில் நேரத்தோடு போனால் பந்தலில் இடம் கிடைக்கும்.