வாய்வரை வந்த கை

அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்றால் முதல் வைத்தியம், உள்ளே சிக்கிக்கொண்டதை எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பது. அடுத்து திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். அதற்கப்புறம் மெடிக்கலில் பசி டானிக். இவ்வளவும் முடிந்து பிள்ளை அப்போதும் வாயை இறுக மூடிக்கொண்டால்தான் என்னிடம் பேச்சு வரும்: "ஒரே அடம் டீச்சர்."

நான் சிறப்புக் கல்வியாளர். பள்ளிக்கு வர முடியாத மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். பல்பம் பிடிக்கவும் நிறம் சொல்லவும் கற்றுக்கொடுக்கப் போகிற வீடுகளில் பாதிப் பேச்சு சாப்பாட்டைப் பற்றித்தான். ஒரு வாய் சோற்றுக்காக ஒரு மணி நேரம் போராடி, கடைசியில் தானும் சாப்பிடாமல் படுத்துவிடும் அம்மாக்களைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுக்கிற பிள்ளைக்குச் சாப்பிடுவதே வலியாக இருக்கலாம். வயிற்று அமிலம் மேலே வரும், மலம் கட்டிக்கிடக்கும், சொத்தைப் பல் இருக்கும், டான்சில் வீங்கியிருக்கும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு மெல்லவும் விழுங்கவும் தசை ஒத்துழைக்காது. தண்ணீர் குடித்தாலே புரையேறுவது, சாப்பிட்டதும் குரல் சளி கட்டியதுபோல மாறுவது, அடிக்கடி நெஞ்சுச்சளி, மாதக்கணக்கில் எடை ஏறாமல் நிற்பது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும். 2019இல் குழந்தை உணவுச் சிக்கலுக்கு வல்லுநர்கள் சேர்ந்து ஒரு வரையறை தந்தார்கள். வயதுக்கேற்ற உணவு 2 வாரத்துக்கு மேல் வாய்வழியாக இறங்கவில்லை என்றால் நோய், ஊட்டக்குறைவு, மெல்லும் விழுங்கும் திறன், மனமும் வீட்டுச் சூழலும் ஆகிய நான்கு பக்கமும் பார்க்கச் சொல்கிறது அது. நான்காவது பக்கத்தில்தான், ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கவனித்துக் காரணம் தேடும் நடத்தைப் பகுப்பாய்வு வருகிறது.

ஒரு பையனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாலு வயது, ஆட்டிசம். முறுக்கு, அப்பளம், பிஸ்கட், முறுகல் தோசையின் ஓரம், அதைவிட்டால் புட்டிப்பால். சோறு, இட்லி, பழம் எதுவும் கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டார், விழுங்குவதில் கோளாறு இல்லை, ரத்தசோகைக்கு மருந்து நடந்துகொண்டிருந்தது.

அவன் அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னேன். பிள்ளை மறுப்பதற்குமுன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே பெரியவர்கள் என்ன செய்தார்கள். அபிப்பிராயம் எழுத வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஒரு மதியக் குறிப்பு இப்படி இருந்தது: ஆயா (அவன் பாட்டி) பருப்புச் சாதம் பிசைந்து நீட்டினார். முகத்தைத் திருப்பினான். "ஒரே ஒரு வாய் கண்ணு" என்று கெஞ்சினார். கையைத் தட்டிவிட்டான். ஆயா கையை எடுத்துக்கொண்டார். தட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் பிஸ்கட் வந்தது.

ஒரு வாரக் குறிப்பைப் படித்துவிட்டு அம்மாவே சொன்னார்: "தட்டிவுட்டா சோறு போயிடுது, பிஸ்கட்டு வருது. அதானே டீச்சர்?"

அதேதான். வாய்வரை வந்த கை பின்வாங்கிய ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளை ஒரு பாடம் கற்றிருக்கிறான். பேச்சு வராத பிள்ளைக்கு "வேண்டாம்" என்று சொல்ல அதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

இப்படிக் காரணம் தேடுவதற்கு ஆய்வின் பின்புலம் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோரில் பிரயன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றியது. எந்தச் சூழலில் அந்தச் செயல் கூடுகிறது என்று வெவ்வேறு சூழலை அமைத்துப் பார்த்தார்கள். அதே முறையை கேத்லீன் பியாஸா குழுவினர் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மறுத்தால் உணவைச் சிறிது நேரம் விலக்குவது ஒரு சூழல். கெஞ்சிப் பேசுவது இன்னொன்று. பிடித்த பொருளைத் தருவது மற்றொன்று. எதிலும் கட்டாயமில்லாத விளையாட்டு வேளை ஒப்பிட்டுப் பார்க்க. எந்தச் சூழலில் மறுப்பு கூடுகிறதோ, அதுதான் மறுப்பைப் பிடித்துவைத்திருக்கிறது. காரணம் தெளிவாகத் தெரிந்த பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கு உணவிலிருந்து தப்புவது ஒரு காரணமாக இருந்தது; பலருக்குக் கெஞ்சலும் பிடித்த பொருளும் கூடவே சேர்ந்திருந்தன. இந்தச் சோதனையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். நோட்டு எழுதுவது எந்த வீட்டிலும் முடியும்.

காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். அந்தப் பையனுக்கு மொறுமொறுப்பு பிடிக்கும், கொழகொழப்பு ஆகாது. ஆகவே தோசையைப் பிடித்துக்கொண்டோம். மாவு ஒன்றுதான், முறுகலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆக்கலாம். முதலில் அவன் தின்னும் ஓரத்தோடு அரிசி அளவு உள்பகுதி. அதைத் தின்றால் உடனே, அந்த நொடியே, ஒரு துண்டு அப்பளமும் அம்மாவின் சிரிப்பும். தின்னாவிட்டால் கெஞ்சல் இல்லை, திட்டு இல்லை. சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பது, பிறகு "சாப்பாடு முடிஞ்சுது" என்று எழுந்துவிடுவது. புட்டிப்பாலையும் இடைத்தீனியையும் டாக்டரைக் கேட்டுச் சாப்பாட்டு நேரத்திலிருந்து தள்ளிவைத்தோம். வயிறு நிறைந்த பிள்ளை எதற்கு வாய் திறக்கும்? தொடுவது, மோந்து பார்ப்பது, உதட்டில் வைப்பது, நக்குவது எல்லாமே வெற்றி என்று கணக்கில் வைத்தோம்.

சில நாளில் போன் வந்தது. "நீங்க சொன்னதுக்கப்புறம் இன்னும் அதிகமா கத்துறான் டீச்சர்." வழக்கமாகப் பலன் தந்த செயல் திடீரென்று பலன் தராவிட்டால், அது ஓய்வதற்கு முன் ஒருமுறை ஓங்கக்கூடும். இதை முன்கூட்டியே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும். குறிப்பாக ஆயாவுக்கு. அவர் மனசு கேட்காமல் அன்றைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான்.

செல்போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டைப் போட்டுவிட்டு வாயில் திணித்தால் பிள்ளை என்ன விழுங்குகிறோம் என்றே தெரியாமல் விழுங்குகிறது; போனை எடுத்தால் வாய் மூடிவிடும். அதே பாட்டை ஒரு வாய் விழுங்கிய பிறகு சில விநாடி போட்டால் அது பரிசாகிவிடும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காலை நீட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் பாலாடையில் கஞ்சி ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கஞ்சி மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தப்பிப் பிழைத்தாலும் அந்தப் பிள்ளைக்கு இனி பாலாடையைக் கண்டாலே நடுக்கம்தான். உதட்டருகே வைத்த கரண்டியை எடுக்காமல் காத்திருக்கும் முறை ஒன்று மருத்துவமனைகளில் உண்டு, ஆய்வுகளில் பலனும் கண்டிருக்கிறது. ஆனால் அதை மருத்துவக் குழுவின் கண்காணிப்பில்தான் செய்கிறார்கள். பிள்ளையின் விருப்பத்தை மீறுவதாக அதன்மேல் விமர்சனமும் இருக்கிறது. வேறு எதுவும் பலிக்காமல் உடம்பு தேய்கிற பிள்ளைக்கு மட்டுமே அதை யோசிக்கலாம் என்பது என் கருத்து. வீட்டில் தனியாகச் செய்யவே கூடாது.

உதவி தூரத்தில் இல்லை. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறைப் பயிற்சியாளர் எல்லோரும் அங்கே ஒரே வளாகத்தில் உண்டு. இங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று பஸ் மாறிப் போக வேண்டும். கைப்பிள்ளையோடு அலைச்சல்தான். மூன்று கட்ட நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். "எதுவுமே சாப்பிட மாட்டேங்குறான்" என்று வாயால் சொல்வதைவிட அதில் அவர்களுக்கு நிறையத் தெரியவரும்.

அந்தப் பையன் இப்போது ஊத்தப்பத்தைத் தாண்டி, நெய் தடவிச் சுட்ட இட்லித் துண்டுவரை வந்திருக்கிறான். பருப்புச் சாதம் இன்னும் ஆகவில்லை. அவன் உடம்புக்கு முட்டை அவசியம் என்பதால் அடுத்து அதைத் தொடங்குகிறோம். தோசைமேல் மெல்லிசாக ஊற்றி முறுகவிட்டு, ஓரத்திலிருந்து.