பதினைந்து அடையாளங்களும் இரண்டு கிலோபைட்டும்

திருச்சி தாயனூரில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தோட்டத்திலோ, ஸ்ரீரங்கத்தைச் சுற்றியுள்ள காவிரிக் கரை வயலிலோ ஒரு வாழையைப் பார்த்து அதன் இனப்பிரிவைச் சொல்ல எத்தனை வாழைகளை நினைவில் வைத்திருக்க வேண்டும்? 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற தாவரவியலாளர்கள் வகுத்த முறைக்கு இரண்டே போதும்: மூதாதைக் காட்டு வாழைகளான மூசா அக்குமினேட்டாவும் மூசா பால்பிசியானாவும். தண்டில் கரும்புள்ளி எவ்வளவு, இலைக்காம்பின் பள்ளம் விரிந்ததா மூடியதா, பூமடல் பின்னோக்கிச் சுருள்கிறதா, சூல்கள் இரண்டு வரிசையா நான்கா என 15 அடையாளங்களைப் பார்க்கிறார்கள். முதல் மூதாதையைப் போலவே இருந்தால் 1, மற்றதைப் போலவே இருந்தால் 5. கூட்டுத்தொகை 24 முதல் 46 வரை வந்தால் ஏஏபி (இரு பங்கு அக்குமினேட்டா, ஒரு பங்கு பால்பிசியானா) பிரிவு. பூவனும் ரஸ்தாளியும் இதில் அடங்கும். 59 முதல் 63 என்றால் ஏபிபி. கற்பூரவல்லியும் மொந்தனும் இதில். கணக்காகப் பார்த்தால், மொத்த மதிப்பெண்ணில் 15ஐக் கழித்தால் கிடைப்பது அக்குமினேட்டாவிலிருந்து அந்த மரம் விலகியிருக்கும் தூரம். கணினிக்கு இன்று நாம் கற்றுத்தரும் தூரம்சார் வகைப்படுத்தலைத் தாவரவியல் தாளிலும் பென்சிலிலும் எப்போதோ செய்துவிட்டது.

ஆனால் இரண்டு மாதிரிகளின் வலிமை பிரிவோடு நின்றுவிடுகிறது. பூவனா ரஸ்தாளியா என்று கேட்டால் மதிப்பெண் வாய் திறக்காது. வாடல் நோய்க்கு ரஸ்தாளி எளிதில் பலியாகும் என்பதால் உழவருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். மறுகோடியில் இருப்பது ‘அண்மை அயலவர்’ முறை: அளந்த மரங்கள் அனைத்தையும் சேமித்து, புதிய மரத்துக்கு மிக அருகில் இருப்பதன் பெயரையே அதற்கும் சூட்டுவது. மாதிரிகள் எல்லையின்றிப் பெருகினால், எட்டக்கூடிய மிகக் குறைந்த பிழையைப்போல் இருமடங்கை இதன் பிழை தாண்டாது என்று ஆய்வாளர்களான கவர், ஹார்ட் இருவரும் 1967இல் நிறுவினார்கள். விலை நினைவகம். ஓர் அடையாளத்துக்கு 4 பைட் என்றால் 10,000 மரங்களுக்கு 600 கிலோபைட் வேண்டும். வயல் கருவிகளில் பொருத்தக்கூடிய அர்டுயினோ ஊனோ பலகையில் இருப்பதோ 32 கிலோபைட் சேமிப்பும் 2 கிலோபைட் வேலை நினைவகமும்தான்.

நினைவகம்தான் மலிந்துவிட்டதே, இந்தச் சிக்கனம் எதற்கு என்று கேட்கலாம். சில்லு மலிவுதான், மின்கலம் அப்படியில்லை. ஒவ்வொரு முறையும் 10,000 தூரங்களைக் கணக்கிடும் கருவி கலத்தைச் சீக்கிரம் குடித்துவிடும். முதல் சிக்கனம் அளவையிலேயே இருக்கிறது: 1 முதல் 5 வரையான எண்ணுக்கு 3 பிட் போதும், ஒரு மரம் 6 பைட்டில் அடங்கும். அப்போதும் 10,000 மரங்களுக்கு 60 கிலோபைட். எனவே எதை விடுவது என்பதே உண்மையான கேள்வி. ஹார்ட் 1968இல் சொன்ன வழி எளியது. கையிருப்பைக் கொண்டு அடுத்த மரத்தின் பெயரைச் சரியாகச் சொல்ல முடிந்தால் அதை ஒதுக்கி வை, தவறினால் சேர்த்துக்கொள், இனிச் சேர்க்க எதுவுமில்லை என்னும்வரை சுற்று. பூவன் கூட்டத்தின் நடுவிலுள்ள மரங்களில் பெரும்பகுதி உதிர்ந்து, ரஸ்தாளியோடு குழப்பும் எல்லை மரங்கள் தங்கும். 200 மரங்கள் மிஞ்சினால் 1,200 பைட். வேலை நினைவகத்திலேயே இடம் உண்டு.

இதிலும் ஓட்டை இருக்கிறது. பெயர் தவறாக எழுதப்பட்ட மரமும் எப்போதும் ‘தவறும்’ என்பதால் அது பத்திரமாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அயலவரோடு ஒத்துப்போகாதவற்றை முதலிலேயே களையச் சொன்னார் வில்சன் என்ற ஆய்வாளர், 1972இல். அப்படிக் களைந்தால் இரண்டு மூன்று மரங்களே உள்ள அரிய வகை பிழையென்று வெளியேற்றப்படும். அரிய வகைகளைக் காப்பதையும் வேலையாகக் கொண்ட ஆராய்ச்சி மையம் இருக்கும் ஊரில் அது ஏற்கத்தக்க இழப்பல்ல. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தபட்ச இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டே சுருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2017இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர் வெளியிட்ட புரோட்டோஎன்என் இன்னொரு திசையில் போனது: மாதிரிகளைப் பொறுக்குவதற்குப் பதில் புதிதாக உருவாக்குகிறது, எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை என்பதையும் உடன் கற்கிறது. ஆனால் எந்த முறையானாலும் வாழைக்கன்றின் முன் தடுமாறும். 15இல் பெரும்பகுதி பூவையும் குலையையும் சார்ந்தவை. கன்றில் அவை இல்லை. நட்ட பிறகு ரஸ்தாளி என்று தெரிந்து என்ன பயன்? தண்டு, இலைக்காம்பு போன்ற சில அடையாளங்களை மட்டும் கொண்டு எல்லையை எவ்வளவு கூர்மையாக வரைய முடியும் என்று பார்ப்பதே அடுத்த வேலை.