'பீப்' சத்தம் கேட்டதா? மண்வெட்டியைக் கீழே போடுங்கள்!

மெட்டல் டிடெக்டர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஏர்போர்ட்டும், பெரிய கோயில் வாசலில் நிற்கும் அந்தக் கதவில்லாத நிலைப்படியும்தான். பெல்ட் பக்கிளுக்கும் சாவிக்கொத்துக்கும் 'பீப்' அடித்து நம் மானத்தை வாங்கும். இங்கிலாந்தில் அதே சங்கதியை ஒரு கழியின் நுனியில் மாட்டிக்கொண்டு, சனி, ஞாயிறுகளில் வயல் வயலாக நடக்கிறார்கள். குறி... பழங்காசு!

"நாமும் ஒண்ணு வாங்கிடலாமா பிரதர்? ஒரே ஒரு பானை சிக்கினா போதும், ஹவுசிங் லோன் க்ளோஸ்!" என்றார் டீக்கடை நண்பர். நான் படித்தது பி.காம். வரவு செலவு போட்டுப் பார்க்காமல் எதையும் நம்புகிற பழக்கமில்லை. போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் மெஷின். கழியின் நுனியில் தட்டு மாதிரி ஒரு கம்பிச்சுருள். அதில் மாறி மாறி மின்சாரம் ஓடும்போது ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் குட்டியாக ஒரு மின்னோட்டம் கிளம்பி, பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தை மேலே அனுப்புகிறது. பீப்!

வம்பே ஆழத்தில்தான். சுருளின் அளவைத் தாண்டிக் கீழே போய்விட்டால், தூரம் இரண்டு மடங்காகும்போது பதில் பாதியாவதில்லை. ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகத் தேய்ந்துபோகிறது. (கூட்டு வட்டியைத் தலைகீழாக நிறுத்திய மாதிரி!) அதனால் சாதாரண மெஷினுக்கு ஒற்றைக் காசு என்றால் ஏறக்குறைய ஒரு சாண் ஆழம்தான் எட்டும். பெரிய சுருள் மாட்டினால் இன்னும் கீழே போகலாம். ஆனால் சின்னக் காசைக் கோட்டை விட்டுவிடும்.

ஆக, ஒரு முழத்துக்குக் கீழே இருந்து 'பீப்' வந்தால் அங்கே இருப்பது ஒற்றைக் காசாக இருக்காது. ஏதோ பெரிய சமாசாரம். துருப்பிடித்த கலப்பையாக இருக்கலாம்... காசுப் பானையாகவும் இருக்கலாம்! கை பரபரக்கும் இடம் இதுதான். தோண்டலாமா, நிறுத்தலாமா? இரண்டையும் செய்து பார்த்த ஆசாமிகள் இருக்கிறார்கள்.

சுத்தியலைத் தேடியவர்

1992, நவம்பர். சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற கிராமம். ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். தேடித் தர நண்பர் டிடெக்டரோடு வந்தார். 'பீப்' அடித்த இடத்தில் வந்தவை வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள்! கொஞ்சம் எடுத்ததுமே இருவரும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார்கள். மறுநாளே தொல்லியல் ஆட்கள் வந்து முறையாகத் தோண்டினார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள்! மரப்பெட்டி மக்கிப்போயிருந்தும், எந்தப் பொருள் எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை தெரிந்தது.

சன்மானம்? 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்துவிட்டது. அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

சமையல்காரரின் பானை

2010, ஏப்ரல். சோமர்செட் மாவட்டத்தில் ஃப்ரோம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயல். ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்த ஒருவர், முக்கால் முழம் தோண்டியதும் பானையின் வாய் தெரிந்தது. மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? குழியை மூடிவிட்டு அதிகாரிக்குச் சொன்னார்!

உள்ளே 52,503 காசுகள். எடை சுமார் 160 கிலோ. அடுக்கு அடுக்காகப் பிரித்து எடுத்ததில் ஒரு வேடிக்கை தெரிந்தது. இருப்பதிலேயே புதிய காசுகளில் பெரும்பாலானவை மேலே இல்லை. பானையின் பாதிக்கும் கீழே கிடந்தன. அப்படியானால் வருஷா வருஷம் சேர்த்த உண்டியல் இல்லை இது. ஒரே தடவையில் கொட்டியது. நம் பாஷையில், ரெக்கரிங் டெபாசிட் அல்ல, ஃபிக்சட் டெபாசிட்! திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல் சாமிக்குப் போட்ட காணிக்கையோ என்று ஆய்வாளர்கள் சிலர் யோசிக்கிறார்கள். அவர் ஆசையில் அள்ளிக் கோணிப்பையில் போட்டிருந்தால் காசு இருந்திருக்கும், கதை போயிருக்கும்.

சன்மானம் 3,20,250 பவுண்டு. கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு.

வாயை மூடிக்கொண்டவர்கள்

2015. லெம்ஸ்டர் என்ற ஊருக்கு அருகே இரண்டு பேருக்கு வைக்கிங் காலத்துப் புதையல் கிடைத்தது. சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்கிறார்கள். இருவரும் யாருக்கும் சொல்லாமல் விற்கப் பார்த்தார்கள். 2019-ல் கோர்ட் இருவரையும் சிறைக்கு அனுப்பியது. காசுகளில் பெரும்பகுதி போன இடம் தெரியவில்லை. மீட்கப்பட்ட கொஞ்சத்திலேயே, வரலாறு பொம்மை ராஜா என்று ஒதுக்கிய ஒரு மன்னர், புகழ்பெற்ற ஆல்ஃபிரெட் மன்னரோடு கூட்டாளியாக இருந்ததற்குச் சாட்சி கிடைத்தது. மீதிக் காசுகள் இன்னும் என்னென்ன சொல்லியிருக்குமோ!

கணக்கு புரிகிறதா? நிறுத்தியவர்களுக்கு லாபம், மறைத்தவர்களுக்குக் கம்பி. அங்கே 1996-ம் வருஷத்துச் சட்டப்படி, புதையல் என்று தெரிந்தால் 14 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால் மார்க்கெட் மதிப்புக்குச் சன்மானம். நேர்மைக்கு நல்ல விலை!

நம் ஊரில்?

நம் மண்ணும் சும்மா இல்லை. கொங்குப் பகுதியில் ரோமானியக் காசுகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ல் ஒரே இடத்தில் 501 ரோமானியத் தங்கக் காசுகள்!

நமக்கான சட்டம் 1878-ல் வந்த இந்தியப் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (பத்து ரூபாய்! இன்றைக்கு ஒரு நல்ல டீ வராது.) மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். சரி, ஒழுங்காகச் சொன்னால்? அரசு எடுத்துக்கொள்ள நினைத்தால், அந்தச் சட்டம் சொல்லும் விலை: உலோகத்தின் மதிப்பு, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான்.

இங்கேதான் என் காமர்ஸ் மூளை உதைக்கிறது. இரண்டாயிரம் வருஷத்து வெள்ளிக்காசுக்கு வெள்ளி விலையும் இருபது சதவிகிதமும் என்றால், வயலில் பானையைக் கண்ட ஏழை விவசாயி யாரிடம் போவார்? கலெக்டர் ஆபீஸ் படியேறுவாரா, ராத்திரியோடு ராத்திரியாக உருக்கும் பட்டறைக்குப் போவாரா? உருகிய காசில் ராஜாவும் இல்லை, வருஷமும் இல்லை. அது வெறும் வெள்ளிக்கட்டி!

ஹாக்ஸன்காரரும் ஃப்ரோம்காரரும் தோண்டுவதை நிறுத்தியதற்கு அவர்களுடைய நல்ல மனசு ஒரு காரணம். நிறுத்தினால் நஷ்டமில்லை என்கிற நிலைமை அங்கே இருந்தது இன்னொரு காரணம். மனசு நம் விவசாயிக்கும் இருக்கிறது. விலையைத்தான் சட்டம் சரியாகப் போட வேண்டும்!