கலயத்தில் தடவும் சுண்ணாம்பு

பெல்ஜிய ஏல் வகைப் பியரை வீட்டிலேயே காய்ச்சிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் சட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கள்ளுக்கும் 1987 முதல் தடை. ஆனால் கள் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள சென்னையை அடுத்த முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு பனையடியில் விடியற்காலை நின்றாலே போதும்.

பனையேறி பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சொட்டுகிற சாற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை. பாளையிலும் பழைய கலயத்திலும் மொய்க்கும் பூச்சிகளிடமும் ஈஸ்ட் தானாகவே இருக்கிறது. அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த பாக்டீரியாக்களும் உடன் சேரும். சில மணி நேரத்தில் நுரை கட்டிவிடும். அதுதான் கள்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் கதையே வேறு. சாறு காரத்தன்மை அடைந்து ஈஸ்ட் முடங்கிப்போகும், கிடைப்பது பதநீர். அதே மரம், அதே பாளைதான்.

பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸென் ஆற்றுப் பக்கம் லாம்பிக் என்றொரு பியர் உண்டு. அதுவும் நம் கள் மாதிரி தானாக வந்துசேரும் ஈஸ்டை நம்பியது. ஆனால் தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டால் அதை அப்படியே தின்ன முடியாது. அதனால் முளைகட்டிய பார்லியோடு கோதுமையைச் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்து, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறார்கள். பிறகு ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, அகன்ற ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, இரவு முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள். அடுத்து மரப்பீப்பாய், ஒன்று முதல் மூன்று வருடம்வரை. பனையோ சர்க்கரையைத் தயாராகவே சொட்டிவிடுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பியருக்கு ஏன் அத்தனை பாடு என்பது விளங்கிவிடும்.

லாம்பிக்கைக் குளிர் மாதங்களில்தான் காய்ச்சுவார்கள். வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். நம் கடற்கரையில் குளிர் ஏது? கள்ளை இறக்கிய அன்றே குடித்தாக வேண்டும், விட்டால் காடிதான். வெயிலுக்கு நம்மவர்கள் கண்ட பதில் சுண்ணாம்பு. அதை எவ்வளவு தடவ வேண்டும் என்பது பனையேறியின் கைக்குத்தான் தெரியும்; கூடினால் நாக்கு பொத்துப்போகும், குறைந்தால் புளித்துவிடும். மாநில மரம் என்று பனையைக் கொண்டாடுகிற நாம் அந்தக் கையை இழந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதநீர் வாங்கினால் காலையிலேயே வாங்குங்கள். ஓலைப் பட்டையில் ஊற்றியதும் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ பொங்கும் நுரையோ இருந்தால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்பு. அந்தக் கடைசி வாயை மட்டும் விட்டுவிடுங்கள்.