ஒரே குழி, மூன்று கூலிப் பட்டியல்

ஏரியில் பத்துப் பேர் சேர்ந்து மண் வெட்டுகிறார்கள். வெட்டுவது ஒருவர், கூடை சுமப்பது இன்னொருவர். குழி ஒன்று, அளவும் ஒன்று. ஆனால் 2021-22 நிதியாண்டில் நூறு நாள் வேலைக் கூலியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிறர் என மூன்றாகப் பிரித்துப் போடச் சொன்னது மத்திய அரசு. நிதி யாருக்குப் போகிறது என்று கணக்கெடுக்கவே இந்த ஏற்பாடு என்றார்கள். ஏட்டில் சரிதான். களத்தில், ஒரு பிரிவினரின் கணக்கில் பணம் ஏறியது. பக்கத்தில் நின்று மண் சுமந்தவருக்கு ஏறவில்லை. ஒன்றாக வேலை செய்தவர்களுக்குள்ளேயே மனக்கசப்பு. எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டிலேயே பழைய முறைக்குத் திரும்பினார்கள்.

கூலி இப்படித் தடுமாறும்போதும், 'மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்' என்ற ஏச்சு மட்டும் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு தினக்கூலி 273 ரூபாய். வெட்டிய மண் அளவில் குறைந்தால் கூலியும் குறையும். 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்பது விதி. கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 273 ரூபாய்க்கு 14 பைசாகூட வரவில்லை! எப்போது வரும் என்றே தெரியாத கூலிக்கு இன்னொரு கூடை மண்ணை யார் சுமப்பார்?

அளவுப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்பதும் பல இடங்களில் வெட்டியவருக்குத் தெரியாது. இன்று எவ்வளவு குறைந்தது என்று சொன்னால்தானே நாளை கூட்டி வெட்ட முடியும்? படிக்கிற பிள்ளைகள் அம்மாவின் வேலை அட்டையையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு உதைத்தால், கிராம சபையின் சமூகத் தணிக்கையில் அளவுப் புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.