நர்சரியின் பின்வரிசை மரம்

நர்சரிக்குப் போனால் முன்வரிசையோடு நின்றுவிடாமல் பின்பக்க வேலியோரம் வரை நடந்து பாருங்கள். விற்காமல் தங்கிப்போன செடிகள் அங்கேதான் கிடக்கும். கருப்புக் கவர் வெயிலில் இற்றுக் கிழிந்திருக்கும். அடித்துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கியிருக்கும். ஆடு கடித்ததும், வழியை மறைக்கிறது என்று யாரோ வெட்டிவிட்டதும், மறுபடி பக்கவாட்டில் கிளைத்ததுமாக ஒழுங்கில்லாமல் நிற்கும். தோட்டத்துக்குச் செடி வாங்க வந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். போன்சாய் செய்ய வந்தவர் முதலில் தேட வேண்டியதே அதைத்தான்.

காரணம் தண்டு. போன்சாயில் கிளையை வளர்த்துக்கொள்ளலாம், இலையைச் சிறிதாக்கலாம். அடி பருத்து, மேலே போகப்போக ஒடுங்கும் முதிர்ந்த தண்டை மட்டும் அவசரத்துக்கு உண்டாக்க முடியாது. ஒரு தண்டின் கனம் அதற்கு மேலே இருக்கும் இலைகளின் அளவைப் பொறுத்தது. ஒவ்வொரு இலைத்தொகுதிக்கும் நீரைக் கொண்டுசெல்லும் குழாய்கள் தண்டுக்குள் சேர்ந்துகொண்டே போகின்றன என்ற இந்தக் கருத்தை, ஜப்பானிய ஆய்வாளர் ஷினோசாகியும் அவருடைய குழுவினரும் 1964இல் ‘குழாய் மாதிரி’ என்ற பெயரில் வகுத்துத் தந்தார்கள். சின்னத் தொட்டியில் அடைபட்ட கன்றுக்கு இலை குறைவு. அதனால் ஆண்டுக்கணக்கில் குச்சியாகவே இருக்கும். கவரைத் துளைத்துத் தரையில் வேர்விட்ட மரமோ, கேட்பாரின்றி இலைவிட்டுத் தடித்துவிட்டது. நடுவே பட்ட வெட்டுகளால் தாழ்ந்த கிளைகளும் கிடைத்துவிட்டன. காசு கொடுத்தாலும் சீக்கிரம் கிடைக்காத காலத்தை, கவனிப்பாரற்றுக் கிடந்ததே அதற்குச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

ஜப்பானில் காற்றும் பனியும் குறுக்கிய மரங்களை மலையிலிருந்து பெயர்த்து வந்து போன்சாய் ஆக்கும் மரபு உண்டு, ‘யாமாதோரி’ என்பார்கள். அதைப் பார்த்து நம் காடுகளில் கைவைக்க வேண்டாம். பெயர்க்கப்படும் மரங்களில் பல பிழைப்பதில்லை. அனுமதியில்லாமல் எடுப்பது குற்றமும்கூட. பின்வரிசை மரத்தை மீட்பதால் யாருக்கும் நட்டமில்லை.

எந்த மரம் என்று கேட்டால் தயங்காமல் இச்சியைச் சொல்வேன். நர்சரிக்காரர்கள் ஃபைக்கஸ் என்றே சொல்லி விற்கும் ஃபைக்கஸ் மைக்ரோகார்ப்பா. ஆல், அரசு, அத்தி எல்லாம் இதன் உறவு. நம் வெயிலைத் தாங்கும். வேரை வெட்டினாலும் மீளும். இலையே இல்லாத கட்டையிலிருந்தும் துளிர்விடும். இந்தக் கடைசிக் குணம் எல்லா மரத்துக்கும் கிடையாது. ஜூனிப்பர் கிளையில் பச்சை முழுவதையும் நீக்கினால் அந்தக் கிளை செத்துவிடும்.

வாங்குமுன் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேல்மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள்; வேர்கள் தண்டிலிருந்து நாலா பக்கமும் விரியும் இடம் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்துதான் இருக்கும். இலைகள் மடிந்து, சிவப்புப் புள்ளிகளோடு, பிரித்தால் உள்ளே கருப்பாகச் சிறு பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன். அந்த இலைகளைக் கிள்ளி அழித்தால் போதும், அதற்காக மரத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் முக்கியம்: தரையில் இறங்கிய வேரோடு கவரைப் பிடுங்கவிடாதீர்கள். பிடுங்கினால் வேர் நாராகக் கிழிந்து அழுகும். ரம்பத்தால் சுத்தமாக அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

உண்மையான கேடு கவருக்குள் இருக்கிறது. வேர் சுவரில் முட்டியதும் திரும்பி, வட்டமாகச் சுற்றத் தொடங்குகிறது. வேரும் தண்டும் சேர்ந்து தடிக்கும்போது அந்த வளையம் தண்டையே நெரிக்கும். இலையில் தயாரான சர்க்கரை பட்டையின் உட்புறம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழி அடைபட்டால் கீழே வேர் பட்டினி கிடக்கும். மேலே பச்சையாக நிற்கும் மரம் உள்ளுக்குள் நலிந்துகொண்டிருப்பது இப்படித்தான். வேர்ப்பந்தை அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றினால் இந்த முடிச்சு அவிழாது. பழைய மண்ணை நீரில் அலசிவிட்டு, சுற்றிய வேர்களையும் நேர்கீழாக இறங்கிய தடித்த வேரையும் வெட்டுங்கள். தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் விரியும் வேர்களையும் சல்லிவேர்களையும் காப்பாற்றுங்கள். பங்குனித் துளிருக்குச் சற்று முன்போ, கோடை தணிந்த பிறகோ இதைச் செய்யலாம். கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் வேண்டாம்.

வேரை வெட்டியதும் இலை கொட்டும்; பயப்படாதீர்கள், இச்சி அதிர்ச்சியை அப்படித்தான் காட்டும். பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றுவதால்தான் பல மரங்கள் சாகின்றன. இலை இல்லாத மரம் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மண் காயாது, வேர் அழுகும். நிழலில் வைத்து, மேல்மண் உலர்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன்சாய்க்கான தட்டைத் தொட்டி வேருக்கு வைக்கும் சோதனை அதில்தான் இருக்கிறது. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை முழு ஈரமாகவே தங்கும். அதன் உயரத்தை மண் துகளின் அளவுதான் தீர்மானிக்கிறது, தொட்டியின் ஆழம் அல்ல. நனைந்த பஞ்சை நிமிர்த்திப் பிடித்தால் படுக்கவைத்ததைவிட அதிக நீர் வடிவதும் இதனால்தான். பொடிமண் நிரப்பிய தட்டைத் தொட்டியில் அந்த ஈரப்பட்டை மேல்வரை எட்டிவிடும். வேருக்குக் காற்றே இருக்காது. ஆகவே நர்சரிச் செம்மண்ணை விட்டுவிடுங்கள். சலித்துத் தூசு நீக்கிய செங்கல் நொறுக்கு, பருமணல், கொஞ்சம் மக்கிய உரம் போதும். துகள் மிளகளவு இருக்கட்டும். முதலில் போன்சாய்த் தட்டும் வேண்டாம். அகலமான சாதாரணத் தொட்டியில் தெம்பு ஏறட்டும்.

உச்சியை வெட்டுவது அதற்குப் பிறகு, புதுத்துளிர் தழைத்து மரம் வேகமாக வளரத் தொடங்கியதும். நுனிக்கொழுந்திலிருந்து ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிக் கீழ்க்கணு மொட்டுகளைத் தூங்கவைக்கிறது. நுனி போனால் அந்தத் தடை நீங்கி, தண்டில் எதிர்பாராத இடங்களிலெல்லாம் துளிர் வெடிக்கும். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை நல்லது. வெட்டுக்காயம் பெரிதாக இருந்தால் அதற்கு நேர் கீழே ஒரு கிளையை வெட்டாமல் நீளமாக ஓடவிடுங்கள். அது தரும் சத்தில் காயம் சீக்கிரம் மூடும், தண்டும் அங்கே தடிக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை நீக்கிவிடலாம்.

புதுக் கிளைகள் வளையும் பருவத்திலேயே அலுமினியக் கம்பி சுற்றித் திசை கொடுங்கள். இச்சி வேகமாகத் தடிக்கும் மரம். மழைக்காலத்தில் சில வாரங்களிலேயே கம்பி பட்டைக்குள் பதியத் தொடங்கும், அந்தத் தழும்பு மறைய ஆண்டுகள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை பார்த்து, பதியத் தொடங்கும் முன்பே கம்பியைச் சுற்றி அவிழ்க்காமல் துண்டுதுண்டாக நறுக்கி எடுத்துவிடுங்கள். கிளை நிற்கவில்லை என்றால் வேறு இடத்தில் பிடித்துப் புதிதாகச் சுற்றுங்கள்.